விழுமிய அட்டைக் கட்டு: குடும்ப நலப் பணியில் இருப்பவர்களுக்கு எந்த அளவு உதவும்?

ஒரு மேசை, 83 சின்ன அட்டைகள், ஒரு மணி நேரம். தன் விழுமியங்களை, அதாவது வாழ்க்கையில் தனக்கு எதெல்லாம் முக்கியம் என்பதை, ஒருவர் கண்டுகொள்ள இவ்வளவு இருந்தால் போதும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சொல்லும் அதற்குக் கீழே ஒரு வரி விளக்கமும் இருக்கும்: நீதி, நட்பு, கடமை, ஓய்வு, மன்னிப்பு, பணம் என்று. 'மிக முக்கியம்', 'முக்கியம்', 'முக்கியமில்லை' என்ற மூன்று தலைப்பு அட்டைகளை மேலே வரிசையாக வைத்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் கீழே போட்டுக்கொண்டே வர வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லரும் அவருடன் மூன்று பேரும் 2001-ல் தொகுத்த கட்டு இது. பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாமல் பொதுவில் விட்டிருக்கிறார்கள். அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

முதலில் தீர்ப்பு. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குடும்ப ஆலோசனை மையம், பள்ளி, மருத்துவமனை என்று குடும்பங்களோடு நேரடியாக வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டு உண்மையிலேயே பயன்படுகிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் வடிவத்தை அப்படியே அச்சடித்தால் பாதிப் பயன்தான். தமிழாக்கத்திலும் 'குடும்பம்' என்ற ஒற்றை அட்டையிலும் கை வைத்தாக வேண்டும். அட்டை அடுக்குவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால், மிச்சமிருக்கும் பாதியும் போய்விடும்.

இந்த வேலைக்கு இது ஏன் தேவை? நாம் இன்னொருவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அங்கே எது பிரச்சினை, எது சகஜம் என்று முடிவு செய்கிறோம். அந்த முடிவில் நம் வளர்ப்பும் நம்பிக்கையும் கலந்திருக்கும். 'வேற வீடு பார்த்துப் போயிடலாம்னு இருக்கேன்' என்று ஒரு பெண் சொல்லும்போது, ஒருவர் காதில் அது துணிச்சலாக விழும், இன்னொருவர் காதில் அவசரமாக விழும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2006 விதிகளில் 14-ஆவது விதி, ஆலோசனை தொடங்கும் முன்பே எதிர்த் தரப்பிடம் ஒன்றைத் தெரிவிக்கச் சொல்கிறது: வன்முறைக்கு எந்த நியாயமும் இங்கே பேசக் கூடாது. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், 'அவர் ஏன் கோபப்பட்டார்னு யோசிச்சுப் பார்த்தியாம்மா' என்ற கேள்வி ஆலோசகர் வாயிலிருந்தே வருவது உண்டு. அவருக்கு விதி தெரியாமல் இல்லை. குடும்பம் எப்படியாவது ஒட்டியிருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் முதலிடத்தில் இருக்கிறது, அது அங்கே இருப்பது அவருக்கே தெரியாது. அதைத் தெரிய வைப்பதுதான் இந்தக் கட்டின் வேலை.

இனி தமிழாக்கம். இங்கேதான் அதிகம் தடுக்குகிறது.

கணினி மொழிபெயர்ப்பில் போட்டால் 'இண்டஸ்ட்ரி' என்ற அட்டை 'தொழில்துறை' என்று வந்து நிற்கும். மூலத்தில் அதன் பொருள் உழைப்பு, எடுத்த காரியத்தைச் சலிக்காமல் செய்வது. 'அட்டானமி'யைத் 'தன்னாட்சி' என்று போட்டால் நம் ஊரில் மாநில சுயாட்சிதான் நினைவுக்கு வரும். 'இண்டிபென்டென்ஸ்' என்பதைச் 'சுதந்திரம்' என்று போட்டால் ஆகஸ்ட் 15. இந்த இரண்டு அட்டைகளுக்கும் உள்ள வேறுபாடு நம் வேலைக்கு மிக முக்கியமானது என்பதால் இப்படி எழுதுவது நல்லது: முதலாவதற்கு 'என் முடிவை நானே எடுப்பது', இரண்டாவதற்கு 'யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பது'. மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டு, கணவர் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு, தன் முடிவைத் தானே எடுக்க விரும்பும் பெண்கள் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

'அத்தாரிட்டி', 'பவர்' இரண்டும் தமிழில் 'அதிகாரம்' ஆகிவிடும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எல்லாரும் 'முக்கியமில்லை' பக்கம் தள்ளிவிடுவார்கள். அதனால் 'பொறுப்பேற்று நடத்துவது' என்றும் 'மற்றவர்கள் என் சொல்படி நடப்பது' என்றும் பிரிக்க வேண்டும். முன்னதை மேலே வைப்பவர் நல்ல மேற்பார்வையாளராக வர வாய்ப்பிருக்கிறது. பின்னதை மேலே வைப்பவருக்கும் தன்னைப் பற்றி அது தெரிந்திருப்பது நல்லதுதான். 'ஹ்யூமிலிட்டி'க்கு 'அடக்கம்' வேண்டாம், 'பணிவு' போடுங்கள். அடக்கம் என்ற சொல் பெண்களுக்கு ஒரு பொருளிலும் ஆண்களுக்கு வேறு பொருளிலும் சொல்லப்பட்டே வந்திருக்கிறது. பெண் பணியாளர் அந்த அட்டையைக் கையில் எடுத்தாலே சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் கூடவே வந்துவிடும்.

'சர்வீஸ்' அட்டையில் 'சேவை' என்று போட்டால், எடுப்பவர் பத்தில் ஒன்பது பேராவது அதை 'மிக முக்கிய'த்தில் வைப்பார்கள். சமூகப்பணிக்கு வந்துவிட்டு வேறு எங்கே வைப்பது? அதே கையோடு 'நிறையப் பணம்' என்ற அட்டையைக் கடைசி வரிசையில் போடுவார்கள். இந்தத் துறையில் பெரும்பாலான வேலைகள் ஒப்பந்தம், தொகுப்பூதியம். ஒரு வருடம் ஓடுவதற்குள் ஹெச்.ஆர். வேலை கிடைத்துப் போய்விடும் ஆட்கள் எல்லாரும் பணத்தாசை பிடித்தவர்கள் அல்ல. மூலத்தில் உள்ள விளக்கம் 'நிறையப் பணம் இருப்பது' என்பதால், 'மாசக் கடைசியில் கடன் வாங்காமல் இருக்கும் அளவு வருமானம்' என்ற நியாயமான ஆசைக்கு அந்தக் கட்டில் இடமே இல்லை. அந்த அட்டையைச் சேர்த்தவுடன் மக்கள் உண்மையாக அடுக்கத் தொடங்குகிறார்கள். எங்கள் கணிப்பில், கட்டில் செய்ய வேண்டிய மிக அவசியமான திருத்தம் இதுதான்.

அடுத்தது 'குடும்பம்'. மூலத்தில் 'மகிழ்ச்சியான, அன்பான குடும்பம் இருப்பது' என்று ஒரே ஒரு அட்டை. தமிழ் பேசும் குழுவில் அதை முதல் பத்தில் வைக்காதவர் அபூர்வம். எல்லாரும் ஒன்றையே வைத்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. அதை மூன்றாக உடையுங்கள்: 'நான் பிறந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியது', 'நான் அமைத்துக்கொள்ளும் குடும்பம்', 'நான் பார்க்கும் குடும்பங்கள் பிரியாமல் இருப்பது'. அட்டையை எடுத்தவர் கை அப்போதுதான் நிற்கும். மூன்றாவது அட்டையைப் பிடித்துக்கொண்டு மேசை மேல் அங்கும் இங்கும் கொண்டுபோகும் அந்த அரை நிமிடம்தான் முழுப் பயிற்சியிலும் விலைமதிப்பானது. அதை 'மிக முக்கிய'த்தில் வைப்பது தவறில்லை. ஆனால் அங்கே வைத்தவர், வன்முறை வழக்கில் சமரசம் பேசும் முன் மேற்பார்வையாளரிடம் ஒரு தடவை வழக்கைச் சொல்லிவிட்டுப் போவது என்று பழக்கம் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு இன்னும் ஐந்து சேர்க்கச் சொல்வோம்: மானம், ரகசியம் காப்பது, சாதி பார்க்காமை, ஊர்ப்பேச்சுக்கு இடம் கொடுக்காமல் இருப்பது, சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புவது. கடைசியில் உள்ளதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டு மாடி பிளாக்குகளில் ஹோம் விசிட் போகிறவர்களுக்குத் தெரியும், பெற்றோர் இருவரும் நகரத்துக்குள் வேலைக்குப் போய்த் திரும்பவே இரவு ஏழு, எட்டு ஆகிவிடும். அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில்தான் போக வேண்டும். திரும்பும் பஸ்ஸை நினைத்துக்கொண்டே வழக்கு கேட்டால் பாதிதான் காதில் விழும். வீட்டில் கைக்குழந்தை உள்ளவர் இந்த அட்டையை மேலே வைத்தால், அவருக்குப் பகல்நேரப் பணி உள்ள பள்ளி, மருத்துவமனைப் பக்கம் பொருந்துமா என்று பார்ப்பதுதான் சரி.

மூலத்திலிருந்து சுமார் 20 அட்டைகளை எடுத்துவிடலாம். உலக அமைதி, புகழ், சாகசம், தோற்றம் போன்றவை இந்த வேலை சார்ந்த பேச்சில் எதையும் நகர்த்துவதில்லை. ஆனால் ஓய்வு, தனிமை, இன்பம், 'மற்றவர்கள் என் சொல்படி நடப்பது' ஆகியவற்றை எடுக்காதீர்கள். சங்கடமான அட்டைகள் இல்லாத கட்டு நல்ல பிள்ளைகளின் பட்டியலாகிவிடும். 83-ல் பழைய 'குடும்பம்' உட்பட 20 போக 63, புதிதாக 9 (குடும்பம் மூன்று, வருமானம் ஒன்று, மேலே சொன்ன ஐந்து) சேர்த்தால் 72. தலைப்பு 3, அவரவர் எழுதிச் சேர்க்க வெற்று அட்டை 5. மொத்தம் 80. ஒரு ஏ4 தாளில் எட்டு வீதம் சரியாகப் பத்துத் தாள்.

அச்சு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. திருவல்லிக்கேணி, இராயப்பேட்டைப் பக்கம் டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில் வேர்டு ஃபைலைக் கொடுத்தால், அவர்கள் கணினியில் யூனிகோட் தமிழ் சிதைந்து வர வாய்ப்பு அதிகம். 'பொறுப்பு' என்ற சொல்லில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே போய் நிற்கும். எழுத்துரு உள்ளே பதிந்த பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள், முதல் தாளை மட்டும் அச்சடித்து வாசித்துப் பார்த்த பிறகு மீதிக்குச் சரி சொல்லுங்கள். தாள் 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு போதும். லேமினேஷன் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் சென்னை வியர்வையில் நாலைந்து அமர்விலேயே ஓரம் பிரியும். பளபளப்பு லேமினேஷன் டியூப் லைட் வெளிச்சத்தில் கண் கூசும், அடுக்கும்போது வழுக்கும். மேட் லேமினேஷன் கேளுங்கள். வெற்று அட்டைகளை மட்டும் லேமினேட் செய்ய வேண்டாம், எழுத வேண்டும் அல்லவா.

நடத்தும் முறை. முதல் சுற்றை வேகமாக முடிக்க வேண்டும், ஓர் அட்டைக்குப் பத்து விநாடிக்கு மேல் கூடாது. 72 அட்டைக்கு அதிகபட்சம் 12 நிமிடம். 'மிக முக்கிய'த்தில் 25, 30 குவிந்துவிட்டால் அதிலிருந்து பத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். இந்தச் சுற்றுக்கு 15 நிமிடம் கொடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். பிறகு பத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்துவது. கடைசியாக, முதல் ஐந்தின் பக்கத்தில் ஒவ்வொரு வரி: 'போன மாதம் என் வேலையில் இது எங்கே தெரிந்தது?' மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா, ஸ்டெல்லா மேரிஸ் என எங்கே படித்தவரானாலும் ஃபீல்டு வொர்க் டைரி எழுதிப் பழகியிருப்பார். அந்த டைரியை அருகில் வைத்துக்கொண்டு எழுதினால் கற்பனைக்கு இடமிருக்காது. ஒரு வரிகூட எழுத வராத அட்டை, இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் அட்டை. அதை ஓரமாக வைத்துவிட்டு ஆறாவதை மேலே ஏற்றலாம்.

குழுவாக உட்காரலாம், ஆனால் அடுக்குவது தனித்தனியே. மேலதிகாரி அறையில் இருக்கக் கூடாது. முடிவுத் தாளை அலுவலகம் வாங்கி வைக்கக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் மேசைப் படம் போடக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணலில் இதைப் பயன்படுத்துவது மிகத் தவறு. எந்த அட்டை மேலே இருந்தால் வேலை கிடைக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது?

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சில ஆலோசகர்கள் உற்சாகத்தில் இதே கட்டைக் கணவன் மனைவி முன்னால் பரப்புகிறார்கள். வன்முறை நடக்கும் வீடு என்றால் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து இதைச் செய்யவே கூடாது. 'என் முடிவை நானே எடுப்பது' என்ற அட்டையை அவள் முதலிடத்தில் வைத்ததை அவன் பார்ப்பான். அதற்கான பதில் அன்று இரவு வீட்டில் கிடைக்கும்.

விழுமியத்துக்கும் சட்டத்துக்கும் மோதல் வரும் இடத்தையும் பயிற்சியிலேயே பேசிவிட வேண்டும். 'ரகசியம் காப்பது' முதலிடத்தில் உள்ள பள்ளி ஆலோசகரிடம் ஒரு மாணவி, 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்' என்று கேட்டுவிட்டு வீட்டில் நடக்கும் பாலியல் தொல்லையைச் சொல்கிறாள். 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தகவல் தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. எனவே அந்த அட்டையின் பின்புறத்தில் ஒரு வாக்கியம் எழுதி வைப்பது நல்லது: 'உன் பாதுகாப்புக்காகச் சிலரிடம் மட்டும் சொல்ல வேண்டி வரும், யாரிடம், என்ன சொல்கிறேன் என்று முதலில் உன்னிடம் சொல்வேன்.' பேச்சின் முதல் ஐந்து நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறவர் வாக்குத் தவறியவர் ஆக மாட்டார்.

இனி தொழில் இலக்கு. கட்டின் பெரிய குறை இதுதான், அட்டைகள் அடுக்கி முடிந்ததும் அது உங்களைத் தெருவில் விட்டுவிடுகிறது. அடுத்து என்ன வேலை, என்ன படிப்பு என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அதற்கான ஒரு தாளை நாமேதான் தயாரிக்க வேண்டும். முதல் ஐந்து அட்டையை இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் வேலை இடங்களை வைத்துப் பார்க்கலாம்.

'நீதி', 'ஒழுங்கு' இரண்டும் மேலே இருந்தால் ஒருங்கிணைந்த சேவை மையம், குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலரோடு சேர்ந்த வேலை, சட்ட உதவிப் பக்கம் பொருந்தும். அங்கே தாளும் தேதியும்தான் உயிர். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு கொடுத்தால் முதல் விசாரணைக்குச் சாதாரணமாக மூன்று நாள், அதிலிருந்து முடிவுக்கு 60 நாள் என்று சட்டம் இலக்கு வைக்கிறது. நடைமுறையில் அது நீளும். நீளும்போது விடாமல் பின்தொடர்வதற்கு ஒழுங்கு பிடித்தவர் வேண்டும். 'நான் பார்க்கும் குடும்பங்கள் பிரியாமல் இருப்பது' மேலே உள்ளவருக்குக் குடும்ப நீதிமன்ற ஆலோசனைப் பணி மன நிறைவு தரலாம், 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம் முடிந்தவரை இணக்கத்துக்கு முயலச் சொல்கிறது. ஆனால் அவரே குடும்ப வன்முறை மையத்தில் தினமும் திணறக்கூடும். 'பொறுப்பேற்று நடத்துவது' மேலே இருந்தால், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் வழக்குகளை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவை நீண்டகால இலக்காக வைக்கலாம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி தலைவரோடு நான்கு உறுப்பினர்கள் கொண்ட குழு அது. குழந்தைகளுக்கான கல்வி, நலவாழ்வு, நலப்பணியில் ஏழு ஆண்டு ஈடுபாடு என்பது உறுப்பினராகும் முக்கிய வழிகளில் ஒன்று. அந்த ஏழு ஆண்டை எங்கே, எப்படிக் கழிக்கிறோம் என்று இன்றே கணக்குப் போட வேண்டும், அனுபவச் சான்றிதழ்களை ஒவ்வோர் இடத்தை விட்டு வரும்போதும் கையோடு வாங்கிவிட வேண்டும். ஆறாவது வருடத்தில் மூடிப்போன அமைப்பின் வாசலில் போய்க் கேட்க முடியாது.

'அறிவு', 'தேர்ச்சி' மேலே உள்ளவர்கள் மனநலப் பக்கம் பார்ப்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப் பணியாளர் என்றால் சமூகப்பணி முதுகலையோடு அந்தத் துறையில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவர் என்று வரையறுக்கிறது. வார இறுதிச் சான்றிதழ் படிப்புகள் அதற்கு ஈடாகாது. பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இலக்கை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். 'சட்டத்தில் தேர்ச்சி பெறுவேன்' என்பது இலக்கு ஆகாது. 'மார்ச் முடிவதற்குள், மேற்பார்வையாளர் திருத்தாமல் டி.ஐ.ஆர். (குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை) படிவம் ஒன்றை முழுதாக நிரப்பத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகப் பழைய கோப்புகள் ஆறைப் படித்து, எங்கே தேதி விட்டுப்போயிருக்கிறது, எங்கே பாதிக்கப்பட்ட பெண் சொன்னதும் பணியாளர் நினைத்ததும் கலந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வேன்' என்பது இலக்கு. ஓர் அட்டைக்கு ஓர் இலக்கு, ஒருவருக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து இலக்கு எழுதியவர் அடுத்த காலாண்டில் ஒன்றையும் தொடாமல் வந்து நிற்பதைத்தான் அதிகம் காண்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதைச் செய்யாதீர்கள், எல்லாருக்கும் எல்லாமே மிக முக்கியமாக இருக்கும் வாரம் அது. ஆறு மாதம் கழித்து, பத்துப் பதினைந்து குடும்பங்களைப் பார்த்த பிறகு செய்யுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாமாண்டு மாணவர்களுக்கு, தொடர் களப்பணிக்குப் போய் வந்த கையோடு செய்வது பொருத்தம். பிறகு வருடத்துக்கு ஒரு முறை போதும். முதல் பத்தின் வரிசையைத் தேதியோடு டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அடுக்கும் முன் அதைப் பார்க்காதீர்கள், அடுக்கி முடித்த பிறகு திறந்து ஒப்பிடுங்கள். கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டால் அட்டை ஓரம் வளைந்துவிடும், மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நிமிர்த்தி வைத்தால் நாலைந்து வருடம் தாங்கும்.